இலையுதிர் காலப் படகு வீடு: முன்பணம் கட்டுமுன்

கேள்வி: மினியாபோலிஸில் இருக்கிறோம். பெரியவர்கள் நால்வர், 8 வயதிலும் 13 வயதிலும் பிள்ளைகள் இருவர். செப்டம்பர் கடைசியில், மின்னசோட்டாவின் வடக்கே கனடா எல்லையில் உள்ள ரெய்னி ஏரியில் படகு வீடு எடுத்து மூன்று இரவு தங்கி மீன் பிடிக்க ஆசை. கோடையைவிட வாடகை குறைவு என்கிறார்கள். பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டலாம். ஒப்பந்தத்தை முழுதாக வாங்கிப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

அந்தப் பருவத்தில் வாடகை இறங்குவதற்குக் காற்றும் குளிரும் ஒரு காரணம். படகு வீட்டுக்கு அடிப்பகுதி தட்டை, சுவர் உயரம். பக்கவாட்டில் காற்று அடித்தால் அந்தச் சுவரே பாய்மரத் துணி போலாகிப் படகைத் தள்ளிக்கொண்டு போகும். காற்று பலத்த நாளில் ஒரு தீவின் மறைவில் கட்டிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். புறப்படும் நாளிலேயே காற்று என்றால் அன்றைய வாடகை என்னாகும்? திரும்பும் நாளில் கரை சேர முடியாவிட்டால் கூடுதல் நாளுக்குக் காசு கேட்பார்களா? இரண்டுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். ‘அப்போ பார்த்துக்கலாம்’ என்று போனில் சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது, வாடகையில் சேராதவை. எஞ்சினும் ஜெனரேட்டரும் குடித்த எரிபொருளுக்குத் திரும்பி வந்ததும் தனியாகக் கணக்குப் போடுவது வழக்கம். படகு வீடு தூங்குவதற்கும் சமைப்பதற்கும்தான். மீன் பிடிக்கப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன மோட்டார் படகு வேண்டும். அதற்குத் தனி வாடகையா என்று கேளுங்கள். ஏரியின் அமெரிக்கப் பக்கத்தில் பெரும்பகுதி வாயேஜர்ஸ் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. பூங்காவுக்குள் படகு வீட்டில் இரவு தங்க அனுமதிச்சீட்டு தேவை; அதை யார் எடுப்பது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

சேதக் காப்புக்கு என்று ஒரு தொகை வாங்குவார்கள். அதில் புரொப்பல்லர், அதாவது நீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் இறக்கைகள், அடங்குமா என்று பாருங்கள். நான் ஒருமுறை படகைத் திருப்பிக் கொடுத்தபோது, அங்கிருந்தவர் எதுவும் பேசாமல் மண்டியிட்டு ஒவ்வொரு இறக்கையின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அது நாங்கள் செய்ததா, முன்னமே இருந்ததா என்று சொல்ல என்னிடம் ஒரு படம்கூட இல்லை. டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள். ரெய்னி ஏரி பாறை நிறைந்தது. புறப்படுமுன் புரொப்பல்லரை நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

இனி சொல்வது பணத்தைவிடப் பெரியது. குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு ஜெனரேட்டர் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரலாம். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. படுக்கை, சமையலிடம், கழிப்பறை மூன்றும் அடைப்புக்குள் உள்ள மோட்டார் படகுகளில் இதைக் கண்டறியும் கருவி மின்னசோட்டாவில் 2018 மே 1 முதல் கட்டாயம். இருக்கிறது என்ற பேச்சை நம்பாமல் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்தி, சத்தத்தைக் காதால் கேளுங்கள். படுக்குமுன் ஜெனரேட்டரை அணைத்துவிடுங்கள். அது ஓடும்போது பிள்ளைகள் படகின் பின்தட்டில் உட்காரவே கூடாது. படகு ஓடுகையில் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை வெளித்தட்டில் உயிர்காப்பு அங்கி அணிவது சட்டம். அந்தக் குளிர்ந்த நீரில் விழுந்தால் நன்றாக நீந்துபவருக்கும் மூச்சுத் திணறும், பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீன்பிடி லைசென்ஸ் எல்லோருக்கும் வேண்டுமா? மீன் கிடைக்குமா?

பதில்: மின்னசோட்டா வாசிகளில் 16 வயது நிரம்பியவர்களுக்கு வேண்டும். அமெரிக்க-கனடா எல்லை ஏரியின் நடுவிலேயே போகிறது. ஒன்டாரியோ பக்கம் தூண்டில் போட அங்கத்திய லைசென்ஸ் தனி, எல்லை விதிகளும் தனி. மூன்று இரவுப் பயணத்துக்கு இந்தப் பக்கமே போதும்.

இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, ஏரி முழுவதும் கலந்துவிடும். அந்தச் சில நாள்களில், இங்கே பலரும் தேடிப் பிடிக்கும் வால்ஐ (walleye) மீன்கள் ஓரிடத்தில் நிற்காமல் சிதறிவிடும். நீர் அடங்கியபின் குளிர்காலத்துக்கு முன்பாக நன்றாக இரை எடுக்கும். எந்த நாளில் எந்த ஆழம் என்பது அந்த ஏரியிலேயே இருப்பவருக்குத்தான் தெரியும். இன்னும் பெரிய படகு வீடு எடுக்க நினைத்தால், அந்தக் கூடுதல் பணத்தில் முதல் நாள் அரை நாளுக்கு ஓர் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள். கடைசியாக ஒன்று: இரவு தங்கப் படகை மணல் கரையில் முட்டவிட்டு, பின்பக்கத்தின் இரு மூலைகளிலிருந்தும் கயிற்றை அகலமாக இழுத்துக் கட்டும் முறையை, துறையை விட்டுக் கிளம்புமுன் படகுக்காரரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் பார்த்திருக்க நீங்கள் கட்டுங்கள்.