690 உருக்கில் பெட்டித்தூண் செய்தால் இரண்டு மடங்கு பாரம் தாங்குமா?

மாங்குளத்தில் அரிசி ஆலை கட்டும் தம்பி கேட்டது இது: நெல் சேமிக்கும் சைலோவுக்கு 6 மீற்றர் உயரத் தூண்கள், நாலு தகட்டை வெல்டிங்கில் ஒட்டிய பெட்டி. 355 தர உருக்கை விட்டு 690 எடுத்தால் (இலக்கம், உருக்கு நிரந்தரமாக இளகத் தொடங்கும் பலம், மெகாபஸ்காலில்) பாரம் இரட்டிக்குமா?

இரட்டிக்காது, தம்பி. 200க்கு 200, தகடு 8 மில்லிமீற்றர், இரு முனையும் கீல் என்று வைத்து ஐரோப்பிய உருக்குக் கட்டட விதியான யூரோகோட் 3இல், தூண் வளைவதைக் கணிக்கும் b வளைவில் போட்டுப் பார்த்தேன். 355இல் 1300 கிலோநியூட்டன், 690இல் 1625. உருக்கின் பலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, தூணுக்குக் கூடுதலாகக் கிடைத்தது காற்பங்குதான். உயர்ந்த தூண் நசுங்கி விழுவதில்லை, பக்கவாட்டில் வளைந்துதான் விழும். வளையாமல் நிறுத்துவது மீள்தன்மைக் குணகம், அதாவது உருக்கின் விறைப்பு. அது எந்தத் தர உருக்குக்கும் ஏறக்குறைய 210 கிகாபஸ்கால்தான்.

அதே தூணை நடு உயரத்தில் இரண்டு திசையிலும் குறுக்குச் சட்டம் போட்டு அசையாமல் பிடியுங்கள். 355 தரமே 1930 தாங்கும்! பிடிக்காத 690ஐ விட அதிகம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் காசை அந்தச் சட்டத்துக்குத்தான் கொடுப்பேன். பிடித்த பிறகு 690 போட்டால் 3300 வரை போகும். அப்போதுதான் அந்த உருக்குக்குக் கொடுத்த விலைக்கு அர்த்தம் உண்டு. (இவை பாதுகாப்புக் காரணி சேர்க்காத கணக்கு.)

690இன் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒட்டு ஆறும்போது மூலைகள் இழுபடும், தகட்டின் நடு அமுங்கும். பாரம் ஏற்ற முன்னமே தூணுக்குள் இருக்கும் இந்த அமுக்கம், உருக்கின் பலத்தோடு ஒப்பிட்டால் 690இல் சிறிது. 1995இல் சிட்னி ஆய்வாளர்கள் ராஸ்முசெனும் ஹான்கொக்கும் 690 தரத் தூண்களுக்குப் பாரம் ஏற்றிச் சோதித்துக் காட்டியது இதைத்தான்.

ஆனால் தகட்டை மெலிக்க வேண்டாம். 690இல் தகட்டின் உள் அகலம் தடிப்பின் 24 மடங்கைத் தாண்டினால் தூண் வளைய முன்னம் தகடே நெளியத் தொடங்கும். 8 மில்லிமீற்றரில் அது 23, மயிரிழையில் தப்புகிறது. 6 என்றால் 31, சரிவராது.

பட்டறையில் மாரி ஈரம் ஏறிய வெல்டிங் குச்சியை 690இல் தொடவே விடாதீர்கள். ஐதரசன் புகுந்து ஒட்டு ஆறிய பிறகும் அதில் வெடிப்பு விழும். தூணை நிறுத்த முன்னம் நுனிக்கு நுனி நூல் கட்டிப் பாருங்கள். நடுவில் 6 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால் திருப்பி அனுப்புங்கள்.