பழைய ஸ்போர்ட்ஸ் காரின் தேய்ந்த கிளட்ச்சை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும், ஆனால் இதில் கடினமான பகுதி கிளட்ச் அன்று, அதை மறைத்து நிற்கும் கியர்பாக்ஸைப் பத்திரமாக இறக்கி மீண்டும் ஏற்றுவதுதான். உயர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி மட்டும் ஏறி, வண்டியின் வேகம் ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்குகிறது என்று கொள்ளலாம்.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, காரைச் சமதளத்தில் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திய பிறகே அடியில் செல்ல வேண்டும்; ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது. பழைய கிளட்ச் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கவும்.

கிளட்ச் தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் ஆகியவற்றை ஒன்றாகவே மாற்றிவிடுங்கள். ஒன்றில் மிச்சம் பிடித்தால், அதற்காகவே முழு வேலையையும் மறுபடி செய்ய நேரலாம். ஃபிளைவீலில் (எஞ்சினோடு சுழலும், கிளட்ச் தட்டு அழுந்தி நிற்கும் கனமான சக்கரம்) நீலம் பாரித்த வெப்பத் தழும்புகளோ விரிசல்களோ உள்ளனவா என்று பாருங்கள். எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டின் பின்புற ஆயில் சீல் கசிந்தால் புதுத் தட்டும் நனைந்து வழுக்கும்.

பொருத்தும்போது, தட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்பதை உறுதிசெய்து, தட்டை நடுப்படுத்தும் கருவியைச் செருகி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கியர்பாக்ஸ் தண்டு தட்டுக்குள் பொருந்தும் ஸ்ப்ளைன் பற்களுக்கு மெல்லிய கிரீஸ் படலம் போதும். அதிகமானால் தெறித்துத் தட்டில் ஒட்டும். கியர்பாக்ஸ் கடைசி ஒரு சென்டிமீட்டர் நுழைய மறுத்தால், பொறுமையிழந்து போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், கியர்பாக்ஸின் உறையே உடையக்கூடும். இடைவெளி சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்து, கியரில் போட்டு கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களை நோக்கிச் செல்லும் வெளித்தண்டைச் சற்றுத் திருப்பினால், பெரும்பாலும் பற்கள் பொருந்தி அது தானாக உள்ளே அமரும்.