தொழில்நுட்பம் ஓடுகிற வேகத்துக்கு அரசுகள் தங்கள் கொள்கைகளை எப்படி மாற்றிக்கொள்கின்றன?

பெரும்பாலும் கம்ப்யூட்டரை முதலில் வாங்கிவிடுகிறார்கள், சட்டத்தைப் பல வருஷம் கழித்துத்தான் தொடுகிறார்கள். கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான், ஆனால் அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்பவர் பாடு இருக்கிறதே!

ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' (Robodebt) விவகாரத்தைப் பாருங்கள், உதவித்தொகை கூடுதலாக வாங்கியவர்களைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் கடன் வசூலிக்கும் திட்டம் அது. அங்கே உதவித்தொகையை இரண்டு வாரக் கணக்கில் கொடுப்பார்கள். ஒருவர் முதல் ஆறு மாதம் வேலை பார்த்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார், அப்புறம் வேலை போய் உதவித்தொகை வாங்குகிறார், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியும் இருக்கிறார் என்று வையுங்கள். கம்ப்யூட்டர் என்ன செய்தது தெரியுமா? வரித்துறையிடம் இருந்த அந்த 26,000ஐ வருஷத்துக்கு 26 தவணை என்று சமமாக வகுத்து, "வேலை இல்லை என்று சொன்ன காலத்திலும் உனக்குத் தவணைக்கு 1,000 வந்திருக்கிறது, வாங்கியதைத் திருப்பிக் கட்டு" என்று கடிதம் அனுப்பியது. தவறு இல்லை என்று நிரூபிக்க, எப்போதோ வாங்கிய சம்பளச் சீட்டைத் தேடி அவர்தான் அலைய வேண்டும். முன்பெல்லாம் கணக்கு இடித்தால் ஒரு அலுவலர் விசாரித்துப் பார்ப்பார். அந்த ஆளை நடுவிலிருந்து எடுத்ததைத்தான் சீர்திருத்தம் என்றார்கள். 2016இல் பெரிய அளவில் தொடங்கியது, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2019இல் அரசே நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டது. 2023இல் விசாரணை ஆணையம் கிழித்துத் தொங்கவிட்டது.

வரி விஷயத்தில் கதை வேறு, அங்கே அவசரப்பட்டது அரசு அல்ல, கம்பெனிகள் முந்திக்கொள்ள சட்டம்தான் தூங்கியது. அலுவலகமோ தொழிற்சாலையோ இருந்தால்தான் வெளிநாட்டுக் கம்பெனியின் லாபத்தில் பங்கு கேட்கலாம் என்பது பழைய விதி, இணையக் கம்பெனிகளோ ஒரு நாற்காலிகூடப் போடாமல் அந்த நாட்டில் சம்பாதித்தன. பிரான்ஸ் பொறுமை இழந்து 2019இல் வருவாய் மேலேயே 3% வரி போட்டது, உடனே அமெரிக்கா பதிலுக்குச் சுங்க வரி போடுவேன் என்று மிரட்டியது. 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி, பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தது 15% வரி என்று முடிவெடுத்தன. வாடிக்கையாளர் இருக்கிற நாட்டுக்கும் லாபத்தில் பங்கு என்ற இன்னொரு பாதி இழுபறியில் மாட்டிக்கொண்டது.

செயலி வழி வேலை பார்ப்பவர் தொழிலாளியா, சுயதொழில் செய்பவரா? பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு என்று 2021இல் சொன்னது நாடாளுமன்றம் அல்ல, உச்ச நீதிமன்றம்.

எனக்குப் பிடித்தது டென்மார்க் செய்ததுதான். 2018இலிருந்து அங்கே எந்த மசோதா வந்தாலும், அதைக் கணினி வழியாக நடைமுறைப்படுத்த முடியுமா, விதி புரியும்படி இருக்கிறதா, ஏற்கெனவே இருக்கும் தரவே போதுமா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கேட்கச் சப்பென்று இருக்கும், யாரும் ரிப்பன் வெட்டித் தொடங்கிவைக்க முடியாத வேலை. அதனால்தானோ என்னவோ நிறைய அரசுகள் அந்தப் பக்கமே போவதில்லை.