பூம்பாறையிலிருந்து போன என் பூட்டன்

கேள்வி: உங்கள் ஊரில் போரில் இறந்த வீரர் யாராவது உண்டா? அவர் குடும்பம் பிறகு எப்படி இருந்தது?

உண்டு. என் அம்மாச்சியின் அப்பா. கொடைக்கானலுக்கு மேற்கே இருக்கும் பூம்பாறைதான் எங்கள் ஊர். அவர் பட்டாளத்துக்குப் போனபோது அம்மாச்சி கைக்குழந்தை. ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை.

1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பூண்டு விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டு அரிசிக்கு அலைந்தார்களாம். பட்டாளத்தில் சேர்ந்தால் வீட்டுக்கு மணியார்டர் வரும் என்று கேள்விப்பட்டு மலை இறங்கினார். சேர்ந்தது பயோனியர் படையில். ரோடு போடுவது, மண் வெட்டுவது, சுமை தூக்குவது இவைதான் அவர்கள் வேலை. இவர்களைப் போர்வீரர் கணக்கில் சேர்த்து யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு. அவர்கள் போட்ட ரோட்டில்தானே சண்டைக்குப் போனார்கள்!

1944-ல் மணியார்டர் நின்றது. அப்புறம் இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. உடல் வரவில்லை. பூட்டிக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. கடிதத்தைப் படித்துச் சொன்னவர் இறந்த தேதியைச் சொன்னாரா என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. கடிதமும் ஏதோ ஒரு மழையில் நனைந்து வீணாகிவிட்டது. திதி தெரியாததால் பூட்டி வருடா வருடம் ஆடி அமாவாசையில் இலை போட்டுக் கும்பிட்டார். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பூண்டுப் பாத்தியில் களை எடுத்தும் கூலிக்குச் சுமந்தும் அம்மாச்சியை வளர்த்தார். "அசாம் பக்கம் போனாரு" என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களைக் காசில்லாமல் தேடலாம். நான் முதலில் திண்டுக்கல் என்று போட்டுத் தேடி ஏமாந்தேன். திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அந்தக் காலத்து எழுத்துப்படி 'மதுரா' என்று போட்டதும் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் பழைய மாவட்டப் பெயரில் தேடுங்கள், ஊர்ப் பெயரை எழுத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அவர் பெயர் இருந்த இடம் கொஹிமா, இன்றைய நாகாலாந்தில் இருக்கிறது, அன்று அது அசாமோடு சேர்ந்திருந்தது. அங்கே போர்க் கல்லறையில் 1,420 பேரைப் புதைத்திருக்கிறார்கள். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் தனி நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. அதில் அவர் ஒருவர். எப்படி இறந்தார் என்று பதிவில் இல்லை. ஆனால் தேதி இருந்தது, 1944 ஜூனில் ஒரு நாள். கீழே, இன்னாரின் மகன், இன்னாரின் கணவர் என்று பூட்டியின் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழையோடுதான், ஆனாலும் அவர் பெயர்தான்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. "இதுல எது எங்கம்மா பேரு?" என்று கேட்டு, நான் காட்டிய இடத்திலேயே ரொம்ப நேரம் விரலை வைத்திருந்தார். சரி, தேதி தெரிந்துவிட்டதே, இனி அந்த நாளிலேயே கும்பிடலாமா என்று கேட்டேன்.

"அதையும் கும்பிடுவோம். எங்கம்மா கும்பிட்ட நாள விட்றாத" என்றார்.

இப்போது வருடத்துக்கு இரண்டு நாள் இலை போடுகிறோம்.