தீவுக்குப் போகுமுன் படகைக் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு, நெல்லைச் சீமையிலிருந்து வரும் பயணக் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பு காசிக்கும் திருப்பதிக்கும் வழி கேட்டவர்கள் இப்போது மாலத்தீவையும் பாலியையும் கேட்கிறார்கள். புதிய விடுதி, புதிய உணவகம், புதிய காட்சியிடம் என்று தீவுகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

எங்கள் திருமணத்தின் 40ஆம் ஆண்டு நிறைவுக்காக, பெங்களூருவில் இருக்கும் மகன் எங்களை மாலத்தீவுக்கு அனுப்ப விரும்புகிறான். புதிதாகத் திறந்த ஒரு விடுதியின் படங்களை அனுப்பியிருக்கிறான். கடலுக்கு மேல் கட்டிய அறை. என் கணவருக்கு முழங்கால் வலி உண்டு. நாங்கள் இருவரும் சைவம். போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

தாராளமாகப் போய் வாருங்கள், அம்மா. ஆனால் மகனிடம் அறையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், மாலே விமான நிலையத்தில் இறங்கும் உங்கள் இருவரையும் அந்த அறை வாசல்வரை எதில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அதற்குத் தனியாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கேளுங்கள். மாலத்தீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதே அங்குள்ள ஏற்பாடு. ஆகவே வெளியே வந்து ஆட்டோ பிடிப்பதற்கோ, அடுத்த தெருவில் வேறு சாப்பாட்டுக் கடை பார்ப்பதற்கோ வழியில்லை. தீவு அருகில் இருந்தால் விரைவுப் படகு. தொலைவில் இருந்தால் கடல் விமானம், அல்லது உள்நாட்டு விமானமும் அதற்குப் பின் ஒரு படகும். கடல் விமானத்துக்குப் போக வர ஒருவருக்குப் பல நூறு டாலர் ஆகும். அறை வாடகையைப் பார்த்து மனக்கணக்குப் போடுகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முறை போனபோது, பயண முகவர் எடுத்துக் கொடுத்த விமானம் மாலையில் மாலேயில் இறங்கியது. அன்றைய கடைசிக் கடல் விமானம் அதற்குள் போய்விட்டிருந்தது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு சிறிய அறையில் இரவைக் கழித்தோம். தீவில் முழுப் பணமும் கட்டியிருந்த அறை அன்றிரவு பூட்டியே கிடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு நேரடி விமானம் உண்டு; பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. அது எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைப் பார்த்த பிறகே விடுதித் தேதியை முடிவு செய்யுங்கள்.

இனி முழங்கால். விரைவுப் படகு துறையில் கட்டியிருக்கும்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். துறைப் பலகைக்கும் படகின் விளிம்புக்கும் இடையே உள்ள இறக்கம் ஒரு கணம் ஒரு சாணாகவும் மறுகணம் ஒரு முழமாகவும் மாறும். துறையில் ஓர் ஆள், படகில் ஓர் ஆள் என இரண்டு பக்கமும் கைகொடுப்பார்கள். படகு மேலே எழும் நேரம் பார்த்து உங்கள் கணவர் காலை எடுத்து வைத்தால் போதும். முன்வரிசையில் உட்கார்ந்தால் அலை தூக்கித் தூக்கிப் போடும் என்பதால், பின்வரிசையில் இடம் கேளுங்கள். அறையைப் பொறுத்தவரை, கடல்மேல் குடிலுக்கு நீண்ட மரப்பாலத்தில் நடக்க வேண்டும். அங்கிருந்து நீரில் இறங்கச் செங்குத்தான படிகள்தாம் இருக்கும். கரைக் குடிலில் வாசலைத் தாண்டினால் மணல். வாடகையும் பெரும்பாலும் குறைவு.

புதிய விடுதி என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேருக்கு வெள்ளோட்டம் விடுவதுபோல, வேலை முழுவதும் முடியுமுன் சில அறைகளை மட்டும் திறந்து வாடகையைக் குறைத்துக் கொடுப்பது விடுதிக்காரர்களின் வழக்கம். சலுகை உண்மையானதுதான், ஆனால் சுத்தியல் சத்தமும் சாமான் ஏற்றிவரும் படகுகளின் இரைச்சலும் உங்கள் மதியத் தூக்கத்தைக் கெடுக்கும். தவிர, அண்மையில் வந்த விடுதிகளில் சில, கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி உண்டாக்கிய தீவுகளில் இருக்கின்றன. 2019இல் எம்பூது காயலில் திறந்த கிராஸ்ரோட்ஸ் என்னும் விடுதித் தொகுதி அப்படிப்பட்டது. மாலேயிலிருந்து விரைவுப் படகில் சிறிது நேரத்தில் போய்ச் சேரலாம் என்பது அதில் பெரிய வசதி. ஆனால் இத்தகைய தீவுகளில் கொண்டுவந்து நட்ட தென்னை நிழல் விரிக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும். இயற்கைத் தீவைச் சுற்றி வேலி கட்டியதுபோல் இருக்கும் பவளப்பாறையை அங்கே எதிர்பார்க்க இயலாது. உங்களுக்காக நான் தேர்ந்தெடுப்பதானால், பல ஆண்டுகளாக நடந்துவரும், மரம் அடர்ந்த, விரைவுப் படகில் அரை மணிக்குள் சேரும் ஒரு தீவையே எடுப்பேன்.

2025 ஜனவரி முதல் சுற்றுலா விடுதிகளில் பசுமை வரி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். நான்கு நாளுக்கு இருவருக்கும் 96 டாலர். இதற்கு மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், 17 சதவீதச் சுற்றுலா வரியும் சேரும். எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மூன்று வேளைச் சாப்பாடும் அதில் அடங்கட்டும். சமையலறையில் சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மாசி, அதாவது காய்ந்த சூரைமீன், கூடாது என்றும் சொல்லுங்கள், ஏனெனில் அங்கே மாசியைச் சுவைக்காகச் சேர்க்கும் பழக்கம் உண்டு. பருப்புப் பொடியும் அல்வாவும் கொண்டுபோகலாம். வழிபாட்டுச் சிலைகளை மட்டும் மாலத்தீவுச் சுங்கம் அனுமதிப்பதில்லை. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு பிள்ளையாரை வீட்டுப் பூசையறையிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கடலுக்கு அடியில் உணவகம் இருப்பது உண்மையா? சாப்பிடும்போது மீன்கள் தெரியுமா?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

உண்மை. மாலத்தீவின் ரங்காலி தீவில் இதா என்னும் உணவகம் 2005இல் திறக்கப்பட்டது. கடல் மட்டத்துக்கு 5 மீட்டர் கீழே, வளைந்த கூரைக்கு அடியில் 14 பேர் மட்டும் அமரலாம். 2016இல் ஹுராவல்ஹி தீவில் முழுவதும் கண்ணாடியால் ஆன மற்றொன்று வந்தது, 5.8 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் அந்த எண்ணையே பெயராக வைத்திருக்கிறார்கள். என்றைக்காவது போக வாய்த்தால், பகல் உணவுக்குப் போங்கள். வெயில் நீருக்குள் இறங்கும்போதுதான் மீன்களின் நிறம் முழுதாகத் தெரியும்.

நாங்கள் குழந்தைகளோடு ஏழு பேர். பெரிய விடுதிக்கு வசதியில்லை. ஹலால் உணவு கிடைக்கும் தீவாக, குறைந்த செலவில் போக முடியுமா? மாலத்தீவா, லட்சத்தீவா?
– வாசகர், மேலப்பாளையம்

மாலத்தீவு இஸ்லாமிய நாடு என்பதால் உணவைப் பற்றிய கவலை உங்களுக்கு வேண்டாம். முன்பு மக்கள் வாழும் தீவுகளில் பயணிகள் தங்க முடியாது. 2009க்குப் பிறகு அங்கே சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த இசைவு கிடைத்தது. அதனால் சாதாரணக் குடும்பங்களுக்கும் அந்தக் கடல் எட்டக்கூடியதாயிற்று. மாலேக்குத் தெற்கே உள்ள மாஃபுஷியில் இத்தகைய இல்லங்கள் அதிகம். பொதுப் படகில் சுமார் ஒன்றரை மணி நேரம். கட்டணம் சில டாலர்தான். வெள்ளிக்கிழமை பொதுப் படகு ஓடாது என்பதால் வியாழனன்றோ சனியன்றோ இறங்கும்படி பயணச்சீட்டு எடுங்கள். 50 அறைக்குக் குறைந்த இல்லங்களில் பசுமை வரியும் பாதிதான், ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 டாலர். இந்தத் தீவுகளில் மது கிடையாது. நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

அந்தத் தீவுகள் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேக்குப் போகின்றன. அங்கே சந்தையில் அடுக்கியிருக்கும் மாசித் துண்டை எடுத்துப் பாருங்கள்: மரக்கட்டைபோல் கறுத்து இறுகி, ஒன்றோடொன்று தட்டினால் சத்தம் எழுப்பும். நம் ஊர்க் கடையில் சம்பலுக்கு இடித்துக் கேட்டு வாங்குவது அதைத்தான்.

லட்சத்தீவுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். நுழைவு அனுமதி கட்டாயம் வேண்டும். அதைப் பெற்ற பிறகே கொச்சியிலிருந்து கப்பலிலோ, அகத்தி தீவுக்கு விமானத்திலோ போக முடியும். சுஹேலி, கத்மத் தீவுகளில் தாஜ் விடுதிகள் வரும் என்று 2023இல் அறிவித்தார்கள். அறிவிப்பை மட்டும் நம்பி விடுப்பு எடுக்காமல், அறைப் பதிவும் அனுமதியும் கையில் வந்த பிறகு புறப்படுங்கள். 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கும் மினிக்காய் எனக்குப் பிடித்தமான தீவு. மாசிக்குப் பேர்போன ஊரும் அதுவே. ஆனால் ஏழு பேருக்கும் அனுமதி வாங்கும் அலைச்சலை எண்ணும்போது, இந்த முறை மாஃபுஷி என்றே சொல்வேன்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறோம். புதிதாக என்ன வந்திருக்கிறது?
– வாசகி, வள்ளியூர்

மண்டாய் பகுதியில் 2023 மே மாதம் பறவைகள் பூங்காவான பேர்ட் பாரடைஸும், 2025 மார்ச்சில் மழைக்காட்டு விலங்குப் பூங்காவான ரெயின்ஃபாரஸ்ட் வைல்ட் ஏஷியாவும் திறந்தன. பக்கத்திலேயே பானியன் ட்ரீ நிறுவனத்தின் விடுதியும் அதே ஆண்டில் வந்தது. செந்தோசா தீவில் பழைய கடல்வாழ் உயிரினக் காட்சியகம் மூன்று மடங்கு பெரிதாகி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் திறந்திருக்கிறது. மண்டாய் நகருக்கு வடக்கே, செந்தோசா தெற்கே. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயன்றால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். மண்டாய்க்கு ஒரு முழு நாள் கொடுங்கள், காலையிலேயே உள்ளே போய்விடுங்கள். அங்கே மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்வது வழக்கம்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் போக என் தந்தையார் ஆசைப்படுகிறார். முடியுமா? கொழும்பில் புதிதாக என்ன இருக்கிறது?
– வணிகர், திசையன்விளை

அந்த ஆசையை நான் மதிக்கிறேன். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்ட வழி அது. 2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியபோது நம் பக்கத்தில் எவ்வளவு மகிழ்ச்சி! சில மாதங்களிலேயே அது நின்றுபோயிற்று. இன்று கடல்வழி என்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குத்தான். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. தந்தையார் கப்பலில் ஏறியே தீர வேண்டும் என்றால் அந்த வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கே சொதியும் இடியாப்பமும் சாப்பிட்டுவிட்டு, பிறகு தெற்கே கொழும்புக்கு இறங்கலாம். நேரே கொழும்பு போதும் என்றால் மதுரையிலிருந்து விமானம் உண்டு.

கொழும்பில் 350 மீட்டர் உயரத் தாமரைக் கோபுரம் 2022 செப்டம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. காலி முகத்திடலை ஒட்டி, ஐ.டி.சி. நிறுவனம் இந்தியாவுக்கு வெளியே கட்டிய முதல் விடுதியான ரத்னதீபா 2024 ஏப்ரலில் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சினமன் லைஃப் விடுதி வந்தது. வாடகை கனமானது. அவற்றில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, வெள்ளவத்தையில் தமிழ்க் குரல் கேட்கும் ஒரு நடுத்தர விடுதியில் தங்குவது தந்தையாருக்கு மனநிறைவாக இருக்கும்.

ஆவணியில் எனக்குத் திருமணம். உடனே ஒரு தீவுக்குத் தேனிலவு போக வேண்டும். எது நல்லது?
– வாசகர், தென்காசி

வாழ்த்துகள். நீங்கள் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். ஆகவே காலக் கணக்கை எளிதாகப் பிடித்துக்கொள்வீர்கள். குற்றாலத்தில் சாரல் விழச் செய்யும் தென்மேற்குக் காற்றுதான் அதே மாதங்களில் மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் அந்தமானிலும் கடலைக் கலக்கி மழையைக் கொட்டுகிறது. தோணிக்காரர்களும் அந்தப் பருவத்தில் மாலே ஓட்டத்தை நிறுத்திக் கரையேற்றிவிடுகிறார்கள். அப்போது விடுதிகள் கொடுக்கும் தள்ளுபடிக்குக் காரணமும் இதுவே. மலைக்கு மறைவான இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும், அந்த நேரத்தில் கடல் குளம்போல் கிடக்கும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள பாலியிலும் அது மழையில்லாத காலம். அங்கே 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் 150,000 ரூபியா நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

மணப்பெண்ணிடம் கடவுச்சீட்டு இல்லையென்றால் அவசரப்படாமல் தை மாதம்வரை பொறுத்து அந்தமானுக்குப் போங்கள். வாகைக்குளத்தில் ஏறிச் சென்னையில் மாறினால், போர்ட் பிளேர் என்று முன்பு அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கு அன்றே போய்விடலாம். 2023 ஜூலையில் திறந்த புதிய முனையத்தில் இறங்குவீர்கள். ஹேவ்லாக் என்ற பழைய பெயர் கொண்ட ஸ்வராஜ் தீவுக்கு அங்கிருந்து படகு. அதன் ராதாநகர்க் கடற்கரை மேற்கு நோக்கியது. பொழுது கடலுக்குள் இறங்குவதை மணலில் உட்கார்ந்து பார்க்கலாம். கடைசிப் படகு அதற்கு முன்பே கிளம்பிவிடுவதால், அன்றே திரும்பச் சீட்டு எடுக்காமல் தீவிலேயே இரண்டு இரவு தங்குங்கள்.