பிரீஎக்லாம்ப்சியா ரத்தப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி: கர்ப்பம் 31 வாரம். பிரஷர் 138/88. எஸ்எஃப்எல்டி-1/பிஎல்ஜிஎஃப் (நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் இரண்டு புரதங்கள்) விகிதம் 29 என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: ஒரு வாரத்துக்கு, பெருமளவு இருக்கலாம். 2016-இல் வெளியான ப்ராக்னோசிஸ் ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களில் 99.3 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வாரத்தில் பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) வரவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் இந்த எண் உத்தரவாதம் தராது. பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ, விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலோ 29-ஐ நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 52. நோய் வந்துவிட்டதா?

பதில்: அப்படி முடிவுகட்ட முடியாது. இந்தப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்வதில்தான் கெட்டி. அதே ஆய்வில் 38-ஐத் தாண்டியவர்களில் 4 வாரத்துக்குள் நோய் கண்டவர்கள் 36.7 சதவீதம்தான். 34 வாரத்துக்கு முன் 85, அதன் பிறகு 110 என்ற அளவை எட்டினால் சந்தேகம் வலுக்கும். இடைப்பட்ட எண் என்றால் அடிக்கடி பிரஷர், யூரின் புரதம், குழந்தையின் வளர்ச்சி பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் விகிதத்தையும் மறுபடி எடுக்கலாம்.

கேள்வி: ஏன் விகிதம்? ஒன்றை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: ரத்த ஓட்டம் குறைந்த நஞ்சுக்கொடி எஸ்எஃப்எல்டி-1-ஐ அதிகமாக விடும். அது பிஎல்ஜிஎஃப்-ஐப் பிடித்துக் கட்டிவிடும். ஒன்று ஏற, மற்றது இறங்க, வகுத்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். பிஎல்ஜிஎஃப் மட்டும் பார்க்கும் ட்ரையேஜ் பரிசோதனையும் உண்டு: மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராம் அல்லது மேல் என்றால் இயல்பு, 12-க்குக் கீழ் என்றால் மிக மோசம்.

கேள்வி: லேபில் வேலை செய்கிறேன். எங்கே தவறு நடக்கும்?

பதில்: பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் குழாயில். விகிதம் பார்க்கும் ரோஷ் எலெக்சிஸ் பரிசோதனைக்கு சீரம், ட்ரையேஜுக்கு இடிடிஏ பிளாஸ்மா. 38, 85, 110 எல்லாம் எலெக்சிஸ் எண்கள். வேறு கருவியின் முடிவோடு ஒப்பிடாதீர்கள். ஹெபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசி போடுபவர்களுக்கு எஸ்எஃப்எல்டி-1 பொய்யாக ஏறும். இரட்டைக் கரு என்றாலும் அது கூடுதலாகவே இருக்கும். இரண்டையும் ரிப்போர்ட்டில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: 12 வாரம். இப்போதே இந்த விகிதம் எடுக்கலாமா?

பதில்: பயனில்லை. இந்தக் கட்டத்தில் பிஎல்ஜிஎஃப், சராசரி ரத்த அழுத்தம், கர்ப்பப்பைத் தமனி டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆபத்து அதிகமென்றால் 16 வாரத்துக்குள் ஆஸ்பிரின் தொடங்க வேண்டும். 2017-இன் ஆஸ்ப்ரே ஆய்வில் இரவில் 150 மில்லிகிராம், 36 வாரம் வரை கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: பிரஷர் 160/110, யூரினில் புரதம் 3+. ரத்தம் அனுப்பலாமா?

பதில்: விகிதத்துக்கு வேண்டாம், நோய் கண்ணெதிரே இருக்கிறது. பிளேட்லெட், கிரியாட்டினின், கல்லீரல் என்சைம் அனுப்புங்கள். முடிவுக்குக் காத்திராமல் பிரஷரைக் குறைக்கும் மருந்தும் வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் தொடங்க வேண்டும்.