கசாக் திரைப்படமான 'கவிஞர்' எதைப் பற்றியது? அதில் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் ஏன் வருகிறார்?

தாரெஜான் ஒமிர்பாயெவ் இயக்கி 2021இல் வெளிவந்த இப்படம், தோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. பத்திரிகை அலுவலக வேலையில் காலம் கழிக்கும் திதார் என்ற கவிஞரின் வாழ்க்கையே கதை. சிறுநகர் ஒன்றில் கவிதை வாசிக்க அழைக்கப்பட்டு அவர் போகும்போது, அரங்கு ஏறத்தாழக் காலியாகவே இருக்கிறது.

இந்தக் கதையினூடே, 1836 முதல் 1838 வரை கான் எனப்பட்ட கசாக் மன்னரின் ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சியை இசதாய் தைமானுடன் சேர்ந்து வழிநடத்தி, 1846இல் கொல்லப்பட்ட கவிஞர் மகாம்பெத் உதெமிசுலியின் வாழ்வும் விரிகிறது. அதிகாரம் அஞ்சிய அளவுக்கு அன்று கவிதைக்கு வலிமை இருந்தது. இன்று அதற்கு எதிரியும் இல்லை, கேட்பவரும் இல்லை. கதவு நிலையில் தந்தையின் உயரத்தைக் குறித்த கோட்டருகே மகனை நிறுத்தி அளப்பதுபோல, படம் இரு காலங்களையும் அருகருகே வைக்கிறது. கொலையைவிடப் புறக்கணிப்பே என்னை அதிகம் உலுக்கியது.

பலர் நினைப்பதுபோல இது மகாம்பெத்தின் வாழ்க்கை வரலாற்றுப் படம் அன்று. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் சிறுகதை ஒன்றைத் தழுவி, இன்றைய கசாக்ஸ்தானில் நிகழும் புனைகதை.